நோட் பார்த்து வாசிக்க வரவில்லையா? புதிய வயலின் மாணவருக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

"எனக்கு நோட் வரவில்லை" என்று மொத்தமாகச் சொன்னால் எந்த வைத்தியமும் பலிக்காது. நோட்டுகளை (ஸ்வரக் குறிகளை) எழுதியிருக்கும் ஐந்து கோட்டைப் பார்த்து வயலின் வாசிக்கும்போது கண்ணுக்கு ஒரு வேலை, இடது கைக்கு ஒரு வேலை, வில் பிடித்த கைக்கு ஒரு வேலை. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுவதால், எது தடுக்கினாலும் மாணவர் பழியைக் கண்ணின் மேல் போட்டுவிடுகிறார். பல சமயம் கண் சரியாகத்தான் படித்திருக்கும். விரலோ வில்லோதான் இடறியிருக்கும். அதனால் முதலில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் இந்தச் சோதனை

வயலினைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சிக்கல் தரும் நான்கு பார்களை (செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளை) மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. தாளத்தைக் கவனிக்காமல், நோட்டுகளின் பெயரை மட்டும் சீரான வேகத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.
2. பெயரை மறந்துவிட்டு, தாளத்தை மட்டும் கைதட்டுங்கள்.
3. பெயரைச் சொல்லிக்கொண்டே, இடது கை விரல்களை வலது முன்கையின் மேல் வயலினில் வைப்பதுபோல வையுங்கள்.
4. இப்போது வயலினை எடுத்து வாசியுங்கள்.

முதல் படியில் தடுமாறினால் சிக்கல் கண்ணில். இரண்டாவதில் என்றால் தாளத்தில். மூன்றாவதில் என்றால் பெயரிலிருந்து விரலுக்குப் போகும் வழியில். மூன்றும் சரியாக வந்து நான்காவதில் மட்டும் கெட்டால், உங்களுக்கு நோட் படிக்கத் தெரியும்; வில்லையோ, அபஸ்வரம் என்றால் விரல் விழும் இடத்தையோதான் பார்க்க வேண்டும். கீழே உள்ளவற்றில் உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும்.

இன்னொன்று. நான்காவது படிக்கு முன் சுருதியைச் சரிபாருங்கள். ட்யூனரில் ஏ தந்தி 440 ஹெர்ட்ஸ், மற்றவை தடித்ததிலிருந்து ஜி, டி, இ. தந்தி இறங்கியிருந்தால் சரியாகப் படித்த நோட்டும் தப்பாகக் கேட்கும். பாவம், மாணவர் பக்கத்தை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

அறிகுறி: ஒவ்வொரு நோட்டுக்கும் கீழ்க்கோட்டிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது

கோடுகளுக்கு இ, ஜி, பி, டி, எஃப், இடைவெளிகளுக்கு எஃப், ஏ, சி, இ என்று மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். அந்த வரிசையில் தப்பில்லை. ஆனால் நான்காவது கோட்டைப் பார்த்ததும் "இ, ஜி, பி, டி" என்று நான்கு பெயர் சொல்லித்தான் அங்கே போய்ச் சேர முடிகிறது. அதற்குள் பாட்டு அடுத்த பாருக்குப் போய்விடும்.

வயலின்காரருக்கு இதைவிட நல்ல குறுக்குவழி உண்டு. நான்கு திறந்த தந்திகளும் (விரல் வைக்காமல் ஒலிக்கும் தந்திகள்) அச்சுப் பக்கத்தில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஜி, ஐந்து கோட்டுக்குக் கீழே இரண்டு துணைக்கோடு (சின்னக் கூடுதல் கோடு) போட்டு அதற்கும் கீழே தொங்கும். டி, கீழ்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். ஏ இரண்டாவது இடைவெளியில். இ நான்காவது இடைவெளியில். நான்குமே கோட்டின் மேல் இல்லாமல் இடைவெளியில்தான் விழுகின்றன.

இதிலிருந்து ஒரு நல்ல சங்கதி கிடைக்கிறது. ஃபர்ஸ்ட் பொசிஷனில் (ஆரம்ப மாணவர் கை வைக்கும் இடத்தில்; ஆள்காட்டி விரல்தான் முதல் விரல்) திறந்த தந்தி, இரண்டாம் விரல், நான்காம் விரல் மூன்றும் எப்போதும் இடைவெளியில் இருக்கும். முதல் விரலும் மூன்றாம் விரலும் எப்போதும் கோட்டில் இருக்கும். எந்தத் தந்தியானாலும் இதுதான். டி தந்தியில் டி இடைவெளி, இ கோடு, எஃப் இடைவெளி, ஜி கோடு, ஏ இடைவெளி. இ தந்திக்குப் போய் எண்ணிப் பாருங்கள், அங்கேயும் அப்படியே. ஆக, கோட்டில் ஒரு நோட்டைக் கண்டால் அது ஒன்றா மூன்றா என்பது மட்டுமே கேள்வி. எண்ணுவதற்கு அவ்வளவு மிச்சமில்லை.

பழகும் முறை: நான்கு திறந்த தந்திகளை மட்டும் பக்கத்தில் எங்கே கண்டாலும் உடனே சொல்லும்வரை பழகுங்கள். அதன்பின் மற்ற நோட்டுகளை "ஏக்கு ஒரு படி மேல்", "இக்கு ஒரு படி கீழ்" என்று அவற்றிலிருந்து பிடியுங்கள். அதற்கும் அடுத்து, பெயரே சொல்லாமல், முந்தைய நோட்டிலிருந்து எத்தனை படி ஏறுகிறது இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள். கோட்டிலிருந்து பக்கத்துக் கோட்டுக்குத் தாவினால் ஒரு விரலை விட்டு அடுத்த விரல். நன்றாக வாசிப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் படிக்கிறார்கள். ஒவ்வொரு நோட்டாகப் பெயர் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

(செகண்ட் பொசிஷனுக்குப் போகும்போது இந்தக் கோடு-இடைவெளிக் கணக்கு தலைகீழாகும், தேர்டில் திரும்பச் சரியாகும். அது பிறகு வரும் கவலை.)

அறிகுறி: விரல் எண் எழுதியிருந்தால் வருகிறது, எண்ணை அழித்தால் வரவில்லை

அப்படியானால் நீங்கள் படித்துக்கொண்டிருந்தது எண்ணை. நோட்டுக்கு மேலே எழுதிய சின்ன 2 கண்ணில் பட்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது, கோட்டுக்கு இறங்குவதே இல்லை.

எண்ணின் பெரிய குறை, அது பாதி விஷயத்தை மறைக்கிறது. ஜி மேஜர் ஸ்கேலில் (ஜியில் தொடங்கும் ஸ்வர வரிசையில்) டி, இ, எஃப், ஜி என்று ஒரு பார், அடுத்த பாரில் ஏ, பி, சி, டி என்று வைத்துக்கொள்வோம். எண் எழுதினால் இரண்டு பாருக்கும் 0, 1, 2, 3 தான். ஆனால் முதல் பாரில் எஃப் ஷார்ப் (அரைப் படி உயர்த்திய எஃப்). இரண்டாம் விரல் தள்ளிப்போய் மூன்றாம் விரலை ஒட்டி உட்காரும். அடுத்த பாரில் சி நேச்சுரல் (உயர்த்தாத, இறக்காத சி). அதே இரண்டாம் விரல் பின்னால் வந்து முதல் விரலை ஒட்டும். எண்ணை மட்டும் நம்பியவர் இரண்டையும் ஒரே மாதிரி வைப்பார், இரண்டாவது பார் கசக்கும். எந்தத் தந்தி என்பதையும் எண் சொல்லாது.

சரி, எப்படி விடுவது? ஒரேயடியாக அழித்தால் கை கட்டிப்போட்டது போலாகிவிடும். முதலில் ஒரே நோட் திரும்ப வரும் இடங்களில் இரண்டாவது எண்ணை அழியுங்கள். பிறகு திறந்த தந்திக்கான 0 எல்லாவற்றையும். பிறகு படிப்படியாக ஏறி இறங்கும் இடங்களில். கடைசியில் தாவல் இருக்கும் இடத்திலும், ஒரே நோட்டை இரண்டு விதமாக வாசிக்க முடிகிற இடத்திலும் மட்டும் எண் மிஞ்சட்டும். நான்காவது இடைவெளி இ திறந்த தந்தியாகவும் வரும், ஏ தந்தியில் நான்காம் விரலாகவும் வரும்; அங்கே 0 அல்லது 4 என்று எழுதியிருப்பது முறையான குறிப்புதான். அச்சிட்ட பாடத்திலேயே அது இருக்கும், அழிக்க வேண்டாம்.

கீபோர்டு வாசித்துவிட்டு வயலினுக்கு வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அங்கே கட்டைவிரல் 1, இங்கே ஆள்காட்டி விரல் 1. எண் பார்த்ததும் பழைய விரல் அசைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எண்ணைக் கைவிட இதுவும் ஒரு காரணம்.

அறிகுறி: பெயர் சரி, விரல் சரி, ஆனாலும் அபஸ்வரம்

முதலில் பக்கத்தின் தொடக்கத்தில் கிளெஃபுக்கு (பெரிய சுருள் குறிக்கு) அடுத்து இருக்கும் கீ சிக்னேச்சரை (எந்த நோட்டுகள் மாறும் என்று சொல்லும் குறிகளை) பாருங்கள். அநேகமாகக் கோளாறு அங்கேதான். ஒரு ஷார்ப் இருந்தால் எஃப் எல்லாமே எஃப் ஷார்ப். இரண்டு இருந்தால் எஃப், சி. மூன்று இருந்தால் எஃப், சி, ஜி. ஷார்ப் குறி மேல்கோட்டில் எழுதியிருந்தாலும் கீழே வரும் எஃபுக்கும் அது பொருந்தும். இதை எல்லோரும் வாயால் ஒப்பிப்பார்கள். மூன்றாவது வரிக்கு வருவதற்குள் மறந்திருப்பார்கள்.

இன்னொரு மறைமுகக் காரணம், ஃபிங்கர்போர்டில் (விரல் வைக்கும் பலகையில்) ஒட்டியிருக்கும் டேப். ஆரம்ப மாணவருக்கு வழக்கமாக முதல் விரல், மேலே தள்ளிய இரண்டாம் விரல், மூன்றாம் விரல் ஆகியவற்றுக்கு டேப் ஒட்டுவார்கள். டி மேஜரில் டி, ஏ தந்திகளுக்கு இது கனகச்சிதமாகப் பொருந்தும். ஏ மேஜரில் ஏ, இ தந்திகளுக்கும் அப்படியே. அந்த இரண்டு ஸ்கேலிலும் மாதக்கணக்கில் வாசித்தவருக்கு ஜி மேஜர் பாட்டில் சி நேச்சுரல் வரும்போது என்ன ஆகும்? விரல் பழகிய டேப்பில் போய் உட்காரும், சி ஷார்ப் கேட்கும். கண் சரியாகத்தான் படித்தது. டேப் இல்லாத இடத்துக்குப் போக விரலுக்குத் துணிச்சலில்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது:

வாசிக்கும் முன், அந்தக் கீயில் ஒவ்வொரு தந்தியிலும் எந்த இரண்டு விரல்கள் ஒட்டும் என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஜி மேஜரென்றால்: ஜி, டி தந்திகளில் இரண்டும் மூன்றும் ஒட்டும், ஏ, இ தந்திகளில் ஒன்றும் இரண்டும் ஒட்டும். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி அபஸ்வரம் போய்விடும். பிறகு பென்சிலை எடுத்து, கீ சிக்னேச்சரால் மாறும் நோட்டுகளில் நீங்கள் தவறவிடுகிற ஒன்றிரண்டை மட்டும் வட்டமிடுங்கள். எல்லாவற்றையும் வட்டமிட்டால் எதுவும் கண்ணில் படாது.

நோட்டுக்கு முன்னாலேயே தனியாக ஷார்ப், ஃபிளாட் (அரைப் படி இறக்கும் குறி), நேச்சுரல் போட்டிருந்தால் அது அந்தப் பார் முடியும்வரை செல்லும். பார்க்கோட்டைத் தாண்டியதும் ரத்து. டை (ஒரே நோட்டை நீட்டும் வளைகோடு) போட்டு அடுத்த பாருக்குள் நீளும் நோட்டுக்கு மட்டும் அந்த நீட்சி முடியும்வரை செல்லும். கீ சிக்னேச்சர் போல எல்லா உயரத்துக்கும் பொருந்தாது, அதே கோடு அல்லது அதே இடைவெளிக்கு மட்டுந்தான். பாரின் முதல் நோட்டில் ஷார்ப் பார்த்துவிட்டு, அதே பாரில் நான்காவதாக அதே நோட் வரும்போது மறந்துபோவது சர்வ சாதாரணம்.

விரல் சரியான இடத்தில்தான் விழுந்ததா என்று வயலினே சொல்லும். டி தந்தியில் மூன்றாம் விரல் ஜி துல்லியமாக விழுந்தால் பக்கத்தில் திறந்திருக்கும் ஜி தந்தி தானாக அதிரும், கண்ணாலேயே பார்க்கலாம். ஏ தந்தியில் மூன்றாம் விரல் டிக்கு டி தந்தியும், இ தந்தியில் மூன்றாம் விரல் ஏக்கு ஏ தந்தியும் அப்படியே பதில் சொல்லும். டேப்பைவிட இதை நம்புங்கள்.

அறிகுறி: பெயர் வருகிறது, தாளம் வரவில்லை

இதற்குத் தமிழிலேயே நல்ல எண்ணிக்கை இருக்கிறது. "ஒண்ணும் ரெண்டும் மூணும் நாலும்" என்று சொல்லிப் பாருங்கள்: ஒண்-ணும், ரெண்-டும், மூ-ணும், நா-லும். நான்கு அடி, ஒவ்வொன்றும் சரிபாதியாகப் பிரிகிறது. கிராட்செட் ஒரு முழுச் சொல்; குவேவர் அரைச் சொல்; மினிம் இரண்டு சொல்; செமிபிரீவ் நான்கும். அடி இன்னும் சின்னதாக உடைந்து செமிகுவேவர் வந்தால் "தகதிமி" என்று ஒரு அடிக்குள் நான்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் விழும் குழி, புள்ளி வைத்த கிராட்செட்டும் அடுத்து ஒரு குவேவரும். பக்கவாட்டுப் புள்ளி நோட்டின் நீளத்தில் பாதியைக் கூட்டும். ஆக ஒன்றரை அடி. "ஒண்-ணும்-ரெண்" வரை முதல் நோட்டை இழுங்கள், "டும்" என்னும்போது குவேவர், "மூணும்", "நாலும்" அடுத்த இரண்டு கிராட்செட். வாயால் சொல்லிக் கை தட்டும்போது "டும்"மில் தட்டு விழ வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் "ரெண்" வரும்போதே தட்டிவிடுவார்கள். அப்படித் தட்டினால் முதல் நோட் ஒரே அடியாகக் குறைகிறது, பாரும் மூன்றரை அடியில் முடிந்துவிடுகிறது.

புள்ளி நோட்டின் பக்கத்தில் இருந்தால்தான் நீளம். நோட்டின் தலைக்கு மேலேயோ கீழேயோ இருந்தால் அது ஸ்டக்காட்டோ, அதாவது நோட்டைக் குறுக்கி வெட்டி வாசிக்கச் சொல்வது. இரண்டும் நேர் எதிர்.

மௌனக் குறிகளை ரகசியக் குரலில் எண்ணுங்கள். வாயை மூடிக் காத்திருந்தால் மௌனம் எப்போதும் குறுகிப்போகும்.

அறிகுறி: கைதட்டினால் சரி, வில் எடுத்தால் தாளம் ஓடுகிறது

இங்கே படிப்பில் குறையில்லை. வில் தீர்ந்துபோகிறது, அவ்வளவுதான். குவேவருக்கே முக்கால் வில்லைச் செலவழித்தால் அதே இழுப்பில் வரும் அடுத்த மினிமுக்குக் கால் வில்தான் மிஞ்சும். அதற்குள் நோட்டை முடித்துவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டியதுதான்.

அந்த நான்கு பாரின் தாளத்தை மட்டும் திறந்த ஏ தந்தியில் வாசியுங்கள், இடது கை சும்மா இருக்கட்டும். மினிமுக்கு முழு வில், கிராட்செட்டுக்குப் பாதி, குவேவருக்கு நடுவில் ஒரு சின்னத் துண்டு என்று பங்கு போடுங்கள். மெட்ரோனோமை (சீராக அடி தட்டும் கருவியை) 60ல் வைத்துச் சீராக வந்த பிறகு இடது கையைச் சேருங்கள். சேர்த்ததும் கெட்டால் திரும்பத் திறந்த தந்திக்கே போங்கள்.

அறிகுறி: வளைகோடு பார்த்தால் குழப்பம்

வளைகோட்டின் இரு முனையிலும் உள்ள நோட்டுகளைப் பாருங்கள். ஒரே உயரத்தில் பக்கத்து பக்கத்து நோட் என்றால் அது டை: இரண்டாவதைத் தனியாக வாசிக்காமல் நீளத்தை மட்டும் கூட்டுங்கள். வேறு வேறு உயரம் என்றால் ஸ்லர்: வில்லைத் திருப்பாமல் ஒரே இழுப்பில் விரலை மட்டும் மாற்றுங்கள்.

வில் திசைக்குத் தனிக் குறி உண்டு. தலைகீழாகப் போட்ட ப போல இருந்தால் கீழிழுப்பு. கூர்முனை கீழே இருக்கும் அம்புத் தலை போல இருந்தால் மேல்தள்ளல். குறியே இல்லாவிட்டால் பாரின் முதல் அடியைக் கீழிழுப்பில் தொடங்குவது வழக்கம்; பாட்டு முழுப் பாரில் தொடங்காமல் ஒற்றை நோட்டோடு முன்னாலேயே ஆரம்பித்தால் அந்த ஒற்றை நோட்டை மேல்தள்ளலில் எடுங்கள், முதல் அடி தானாகக் கீழிழுப்பில் வந்து விழும்.

நோட்டின் காம்பு மேலே போவதும் கீழே போவதும் வில்லின் திசை என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அதற்கும் வில்லுக்கும் சம்பந்தமே கிடையாது. நடுக்கோட்டுக்குக் கீழே உள்ள நோட்டுக்குக் காம்பு மேலே, மேலே உள்ளதற்குக் கீழே. பக்கம் நெரிசலாகாமல் இருக்க அச்சில் செய்யும் ஏற்பாடு.

அறிகுறி: ஜி தந்தி நோட்டுகள் மட்டும் புரிவதில்லை

துணைக்கோட்டு நோட்டுகள் பாடப் புத்தகத்தில் தாமதமாக வருவதால் வரும் கோளாறு இது. நான்கே நோட்டுதான். அடியில் தொங்கும் ஜி. இரண்டாவது துணைக்கோட்டின் மேல் ஏ. இரண்டு துணைக்கோட்டுக்கு நடுவில், அதாவது முதல் துணைக்கோட்டின் அடியில் ஒட்டி, பி. முதல் துணைக்கோட்டின் மேல் சி. விரல் 0, 1, 2, 3. ஒரு தாளில் இந்த நான்கையும் கலந்து இரண்டு வரி நீங்களே எழுதி வாசியுங்கள். படிப்பதைவிட எழுதும்போது சீக்கிரம் மனதில் நிற்கும்.

அறிகுறி: கோடா இடைவெளியா என்றே தெரியவில்லை

கண்ணாடி, வெளிச்சம், ஸ்டாண்டு. மூன்றையும் பாருங்கள். ஸ்டாண்டு தாழ்வாக இருந்தால் தலை குனியும், வயலினும் கூடவே சாயும், பக்கம் கோணலாகத் தெரியும். வயலினின் சுருள் தலைக்கு மேலாகப் பார்த்தால் பக்கத்தின் நடுப்பகுதி நேராகக் கண்ணில் படும்படி உயர்த்துங்கள். அச்சு சின்னதாக இருந்தால் பெரிதாக்கி நகலெடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: சி என்றால் ச என்று மனம் பிடித்துக்கொள்கிறது

ச ரி க ம தெரிந்தவர்களுக்கு வருவது. சி மேஜரில் அந்தப் பொருத்தம் சரியாக இருக்கும், டி மேஜர் வந்ததும் ச டிக்கு இடம்பெயர்ந்துவிடும். கோட்டில் எழுதிய ஏ மட்டும் எந்தக் கீயானாலும் அதே ஏ. காது ச ரி க ம என்றே கேட்கட்டும், அதைத் தடுக்க வேண்டாம். வாயால் சொல்லும்போது எழுத்துப் பெயரைச் சொல்லுங்கள்.

அறிகுறி: பழைய பாடம் சரளம், நடுவிலிருந்து கேட்டால் திணறல்

பக்கம் திறந்திருக்கும், கண் அதன் மேல் இருக்கும், ஆனால் படிப்பு நடந்திருக்காது. காது நன்றாக உள்ளவர்களுக்கே இது வரும்: இரண்டு தடவை கேட்டதும் பாட்டு மனதில் ஏறிவிடுகிறது, அதன்பின் நோட் தேவையே படுவதில்லை. நல்ல குணம்தான், ஆனால் படிக்கும் திறமை அப்படியே நின்றுவிடும்.

சோதித்துப் பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலைப் பக்கத்தில் வையுங்கள். விழுந்த பாரிலிருந்து தொடங்குங்கள். முடியவில்லை என்றால் பாட்டின் கடைசிப் பாரை முதலில் வாசியுங்கள், பிறகு அதற்கு முந்தையது, இப்படியே தொடக்கம்வரை பின்னோக்கிப் போங்கள். மெட்டு அறுந்துபோவதால் காது உதவாது, கண் வேலை செய்தே தீர வேண்டும். நாளுக்கு ஒரு புதிய வரியாவது, நீங்கள் இப்போது வாசிப்பதைவிட எளிதானதாகப் பார்த்து, ஒரே தடவை வாசித்துவிட்டு விட்டுவிடுங்கள். திரும்ப வாசித்தால் அதுவும் மனப்பாடத்தில் சேர்ந்துவிடும்.

அறிகுறி: புதிய பக்கம் என்றால் மூன்றாவது பாரிலேயே நின்றுபோகிறது

நிற்பதற்குக் காரணம் பொதுவாக இரண்டு. ஒன்று, கண் இப்போது வாசிக்கும் நோட்டிலேயே ஒட்டியிருக்கிறது. யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் ஒரு பாரைத் தொடங்கியதும் அந்தப் பாரை ஒரு அட்டையால் மூடச் சொல்லுங்கள். வேறு வழியில்லாமல் கண் முன்னால் ஓடப் பழகும். இரண்டாவது, தப்பு வந்ததும் திரும்பிப் போய்த் திருத்தும் பழக்கம். பழகும்போது திருத்தலாம், முதல் தடவைப் படிப்பில் கூடாது. தப்பை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பாரின் முதல் அடியில் போய் ஏறிக்கொள்ளுங்கள்.

வில்லை எடுக்கும் முன் அரை நிமிடம் பக்கத்தைப் பாருங்கள். கீ சிக்னேச்சர் என்ன, எந்த விரல்கள் ஒட்டும். டைம் சிக்னேச்சர் (ஒரு பாருக்கு எத்தனை அடி என்னும் குறி) என்ன. புள்ளி போட்ட இரட்டைக்கோடு எங்கே இருக்கிறது, திரும்ப எங்கே போக வேண்டும். முதல் நோட் எந்தத் தந்தியில் எந்த விரல். அப்புறம் பக்கத்திலேயே கறுப்பு அதிகமாகத் தெரியும் பாரைத் தேடி, அதை மட்டும் "ஒண்ணும் ரெண்டும்" போட்டு மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். அந்தப் பாரை எந்த வேகத்தில் சமாளிக்க முடிகிறதோ, அதே வேகத்தில் முதல் பாரைத் தொடங்குங்கள்.